டவுனுக்குப் போகாமல் தைத்த ஓரம்

இந்த ஊருக்கு வந்து இறங்கிய மறுநாள் காலையில் நான் செய்த முதல் வேலை, சுவரில் காயப்போட்டிருந்த ஒரு போர்வையை எடுத்து மடித்து வைத்தது. கனடாவின் நடுவில், சஸ்காட்செவன் என்கிற மாகாணத்தில், கோதுமையும் பருப்பும் விளைகிற சமவெளியில் ஒரு சின்ன ஊர். வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. துணி காயப்போட வெளியே வழியில்லாததால்தான் வீட்டுக்காரர் கூடத்துச் சுவரில் கம்பி கட்டிப் போர்வையை விரித்துவிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தொட்டுப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, வந்த இடத்தில் ஒரு உதவி செய்த திருப்தியோடு டீ போடப் போனேன். மேல்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர் டோரின், நானும் என் மனைவியும் எப்படி இருக்கிறோம் என்று பார்க்க இறங்கி வந்தார். எழுபதைத் தாண்டிய பெண்மணி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வெறும் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "காய்ந்துவிட்டது" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "ஆமாம், அது பல வருஷமாகவே காய்ந்துதான் இருக்கிறது" என்றார் டோரின்.

அதற்கு அவர்கள் குயில்ட் என்று பெயர் சொல்கிறார்கள். துணித் துண்டுகளைக் கத்தரித்துச் சதுரமாகவும் முக்கோணமாகவும் இணைத்து மேல்துணி. நடுவில் பஞ்சு விரிப்பு. கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்து, கடைசியில் நான்கு பக்கமும் ஒரு பட்டையால் ஓரத்தைப் பொதிந்து மூடுகிறார்கள். மூடுகிற அந்தப் பட்டைக்கு பைண்டிங் என்று பெயர். இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைப் போர்த்திக்கொள்வார்கள் என்று பார்த்தால், பாதிப்பேர் காலண்டர் மாதிரி சுவரில் மாட்டுகிறார்கள். எங்கள் பக்கம் ராசிபுரத்தில் பட்டுப்புடவையைச் சுவரில் மாட்டி வைத்தால் பக்கத்து வீட்டார் என்ன கேட்பார்கள் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

எனக்குத் தையல் புதிதில்லை. நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டில் எங்களுக்கு ஒரு குஷன் கடை உண்டு. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற இடத்தில், கட்டி முடித்த வண்டிக்கு சீட் தைத்துப் போடுகிற கடை. அப்பா ஆரம்பித்தது. ரெக்சினை வெட்டுவதும் விளிம்பில் உருண்டையாகப் பைப்பிங் வைப்பதும் நானும் அப்பாவும். வெல்வெட் உறை, தலைமாட்டுக்குக் குஞ்சம், படுக்கைக்கு விரிப்பு எல்லாம் என் அக்கா சரோஜா. அக்கா ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போய், அங்கே புடவை ஓரம் பிரியாமல் பீக்கோ அடித்துக்கொண்டிருந்தாள். மாமா லாரி ஓட்டப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் தினமும் பஸ் ஏறி நாமக்கல் கடைக்கு வந்துவிடுவாள். ஒருநாள் தன் பீக்கோ மிஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். வெல்வெட் உறையின் ஓரத்தில் மஞ்சள் நூலில் வளைவு வளைவாக ஒரு வரி ஓட்டிக் காட்டினாள். அப்பா முகத்தைச் சுளித்தார். "லாரி சீட்டுக்கு எதுக்கு சாமி பூவேலை" என்றார். அந்த வாரமே ஒரு லாரிக்காரர் வந்து, தைத்து வைத்திருந்த மற்ற உறைகளை எல்லாம் தள்ளிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த உறையை அப்பாவே அக்கா பக்கம் தள்ளி வைத்தார்.

எங்கள் கடையில் தையல் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். வண்டியை எடுக்க வருகிற ஓனர் முதலில் பார்ப்பது அதைத்தான். கட்டைவிரலைத் தையல்மேல் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துப் பார்ப்பார். விரலுக்குத் தட்டுப்படாவிட்டால், "ஏனுங்க, பசை போட்டு ஒட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிடுவார். அதைவிடப் பெரிய அவமானம் எங்கள் ரோட்டில் கிடையாது. அதனால் அக்கா நீல உறைக்கு மஞ்சள் நூல், சிவப்பு உறைக்குக் கிளிப்பச்சை என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி தைப்பாள். நானும் அந்தக் கண்ணோடுதான் வளர்ந்தேன்.

என் மனைவி கோகிலாவுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்ததால் வந்தோம். எனக்கு தார்ப்பாய் தைக்கிற ஒரு கடையில் வேலை. தானியம் ஏற்றுகிற லாரிகளுக்கு மேலே சுருட்டி விரிக்கும் தார்ப்பாய். அறுவடைக் காலத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. பனிக்காலம் வந்தால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். மத்தியானமே வீட்டுக்கு வந்து, போனில் நாமக்கல் வானிலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கோகிலா சில நாள் பொறுத்துப் பார்த்தாள். "ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே இப்படிக் கெடந்தா பூஞ்சணம் புடிச்சுப் போவீங்க. மேல அந்தம்மா வாராவாரம் தைக்கப் போறாங்க. கூடப் போயிட்டு வாங்க" என்றாள். அப்படியும் நான் போகாமல் இருந்ததால், பழைய பொருள் விற்கிற கடையிலிருந்து ஒரு தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்துவிட்டாள்.

வீட்டு உபயோகத்துக்கான சின்ன மிஷின். ஆனால் அதன் பக்கவாட்டில் ஒரு வட்டத் திருகு இருந்தது. திருகினால் ஒவ்வொரு வகையான தையல் வந்தது. அலை, நட்சத்திரம், சங்கிலி, இலையும் காம்புமாக ஒரு கொடி, வரிசையாக நடக்கிற வாத்துகள் கூட இருந்தன. நாமக்கல்காரன் கண்ணுக்கு அவை கோழிகளாகத்தான் தெரிந்தன. அன்று மாலை முழுவதும் பழைய வேட்டியின் ஒரு முனையில் கோழிகளை நடக்கவிட்டுக் கொண்டிருந்தேன். கோகிலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சிரித்திருப்பாள்.

டோரினோடு போனேன். ஊர்ப் பொதுக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண் நான் ஒருவன்தான். நன்றாகத்தான் பேசினார்கள், காபி கொடுத்தார்கள். அங்கேதான் அவர்களுடைய வழக்கம் எங்கள் வழக்கத்துக்கு நேர் எதிர் என்று தெரிந்தது. பைண்டிங் பட்டையை முன்பக்கம் மிஷினில் தைத்து, பின்பக்கம் மடித்து, மடிப்பை ஊசி நூலால் கையிலேயே பிடிக்கிறார்கள். நூல் ஒரு இடத்திலும் வெளியே தெரியக் கூடாது. ஒருவர் முடித்ததை இன்னொருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுகிறார். தையலைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் தலையை ஆட்டிப் பாராட்டுகிறார். அந்தப் பாராட்டு எனக்கு விளங்கவே இல்லை. இவ்வளவு உழைத்துவிட்டு, உழைத்தது தெரியாமல் மறைக்க இன்னும் கொஞ்சம் உழைப்பதா என்று நினைத்தேன். ஆனாலும் வாராவாரம் போனேன். வெளியே குளிர், உள்ளே மனிதக் குரல். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் பனிக்காலத்தின் நடுவில் டோரின் தபால்பெட்டிக்குப் போகிற வழியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். இடது கக்கத்தில் ஒரு பெரிய குயில்ட். கருநீலமும் வெள்ளையுமாக, சின்னச் சின்ன முக்கோணங்கள் பறவைக் கூட்டம் மாதிரி ஒரே திசையில் பறப்பது போல இணைத்தது. அவருடைய பேத்தி ஏமிக்குக் கல்யாணம். கல்யாணம் ஆகிற ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் அவர் கையால் ஒரு குயில்ட் உண்டு. இது கடைசிப் பேத்தி. எல்லாம் முடிந்து பைண்டிங் மட்டும் பாக்கி. கருநீலப் பட்டையை வெட்டி, மடித்து, இஸ்திரியும் போட்டு வைத்திருந்தார்.

"கையால் தைக்க ஆகாது. மற்றவர்களுக்கு அவரவர் வேலை இருக்கிறது. நீ மிஷினிலேயே முடித்துக் கொடுத்துவிடு, சென்" என்றார். செந்தில் என்ற என் பெயரைப் பாதியாகக் கத்தரித்து சென் என்றுதான் கூப்பிடுவார். படியேறும்போது திரும்பி இன்னொன்றும் சொன்னார். "டோன்ட் கோ டு டவுன் ஆன் இட்."

அதை நான் வார்த்தைக்கு வார்த்தை புரிந்துகொண்டேன். இதற்காக டவுனுக்குப் போகாதே. எங்களுக்கு டவுன் என்றால் காரில் இரண்டு மணி நேரம் போக வேண்டிய பெரிய நகரம். நூல், ஊசி, கறிவேப்பிலை, எல்லாம் அங்கேதான். பனியில் ரோடு மோசமாக இருக்கிறது, நூல் வாங்க அவ்வளவு தூரம் போய் வம்பில் மாட்டிக்கொள்ளாதே, இருப்பதை வைத்து முடி என்று அக்கறையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை நாங்கள் டவுனுக்குப் போவதாக ஏற்கெனவே திட்டம் இருந்தது. போக வேண்டாம் என்று கோகிலாவிடம் சொன்னேன்.

"அந்தம்மா பைண்டிங்குக்கும் நம்ம மளிகைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் கோகிலா.

"பெரியவங்க சொல்லிட்டுப் போறாங்க. போனது தெரிஞ்சா மனசு சங்கடப்படுவாங்க."

"வெங்காயம் தீந்து போச்சு. அதுக்கு அவங்க சங்கடப்பட மாட்டாங்களா?" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் போகவில்லை.

வீட்டில் என்ன நூல் இருக்கிறது என்று பார்த்தேன். சரோஜா அக்கா புளியும் சாம்பார் பொடியும் அனுப்பிய பார்சலில், இடுக்கில் இருக்கட்டும் என்று போட்டு அனுப்பிய நூல்கண்டுகள்தான் இருந்தன. கிளிப்பச்சை, ஆரஞ்சு, சாமந்தி மஞ்சள். கருநீலத்தின்மேல் சாமந்தி மஞ்சளை வைத்துப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கல்யாணத்துக்குக் கொடுப்பது, மங்களகரமாக இருக்க வேண்டாமா? அக்காவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். நாமக்கல்லில் பொழுது விடிந்து கடை திறந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பிறகு கடை அவள் பொறுப்பு.

"என்னது, குயிலா?"

"குயில்ட்டுக்கா. போர்வ மாதிரி."

"அப்ப போர்வன்னே சொல்லு. என்ன தையல் போடப் போறே?"

"எலக்கொடி."

"நல்லாத்தா இருக்கும். ஆனா மூலையில எல ஒடஞ்சு போகுமே. கனம் அங்க சாஸ்தியா இருக்கும், மிஷினு தள்ளாது. மூலைக்கு ரெண்டு வெரலு இருக்கறப்பவே எலைய முடிச்சுரு. அப்பறம் நேர்த்தையல்ல போயித் திரும்பு. முதல்ல துண்டுத்துணில ஓட்டிப் பாரு."

அவள் சொன்னபடியே செய்தேன். அவர்கள் வழக்கத்தை மாற்றி, பட்டையை முதலில் பின்பக்கம் தைத்து, முன்பக்கம் மடித்துக் கொண்டுவந்து, அடித்தையலை மடிப்பு மூடுகிற மாதிரி கிளிப் போட்டு நிறுத்தினேன். மடிப்பின் விளிம்பை ஒட்டிக் காம்பு ஓட வேண்டும், இலைகள் பட்டைமேல் ஒன்றும் குயில்ட்மேல் ஒன்றுமாக விழ வேண்டும். இலைத் தையலுக்கு மிஷின் முன்னும் பின்னுமாகத் துணியைத் தள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் இலை சிதைந்துவிடும். குயில்ட்டின் கனம் ஒரு பக்கமாகத் தொங்கி இழுக்காமல் இருக்கச் சாப்பாட்டு மேசையை மிஷினோடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன். மிஷின் போகிற போக்கில் விட்டு, கையை வெறுமனே மேலே வைத்திருந்தேன். ஒவ்வொரு இலையாக முளைத்துக்கொண்டே வந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை. கோகிலா வேலை முடிந்து வந்து பார்த்து, "நம்ம கடை வேலை மாதிரியே இருக்குதுங்க" என்றாள். வெங்காயத்தை மறந்துவிட்டாள்.

டோரினிடம் கொண்டுபோய்ச் சோபாவில் விரித்தேன். அவர் நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வெல், சென். யு வென்ட் டு டவுன்."

"இல்லை, இல்லை. போகவே இல்லை. சனிக்கிழமைகூட வீட்டில்தான் இருந்தோம். கோகிலாவைக் கேளுங்கள்" என்றேன்.

டோரின் என் முகத்தையே பார்த்தார். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். அப்புறம்தான் விளக்கினார். ஒரு வேலையைத் தடபுடலாக, அலங்காரமாக, கையில் இருப்பதை எல்லாம் கொட்டிச் செய்வதற்கு இங்கே டவுனுக்குப் போவது என்று சொல்வார்களாம். அவர் எனக்குச் சொன்னது, ஆடம்பரம் எதுவும் வேண்டாம், எளிமையாக முடித்துக் கொடு என்று.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது சூடாகியது. டோரினும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "வேலை அழகாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை. ஆனால் இது என்னுடையது மாதிரி இல்லை. மற்ற பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்த எதிலும் ஒரு தையல் வெளியே தெரியாது. ஏமி இதைப் பார்த்தால் பாட்டி செய்ததாகவே நினைக்க மாட்டாள்" என்றார். பிரித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

தைத்தவன் தன் தையலைப் பிரிப்பது சங்கடமான வேலை. அதிலும் இலைத் தையலில் ஒரே இடத்தில் ஊசி பல தடவை இறங்கி ஏறியிருக்கும். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் பின்பக்கத்து நூலை வெட்டி, முன்பக்கத்திலிருந்து துணுக்குத் துணுக்காகப் பிடுங்க வேண்டும். தார்ப்பாய்க் கடை வேலை முடிந்ததும் மேலே போய் டோரினின் சமையலறை மேசையில் உட்காருவேன். அவர் எதிரே உட்கார்ந்து இடது கையால் நூல் துணுக்குகளைப் பொறுக்குவார். ஒருநாள், தையலை ஏன் இப்படி ஒளிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தெரிந்தால் அவசரமாகத் தைத்தது என்று நினைப்பார்கள்" என்றார்.

"எங்கள் ஊரில் தெரியாவிட்டால் பசை போட்டு ஒட்டியது என்று நினைப்பார்கள்."

டோரின் யோசித்தார். "இரண்டு ஊரிலும் மற்றவர்கள் நினைப்பதற்குப் பயந்துதான் தைக்கிறோம் போல" என்றார். அன்று லாரி சீட்டுகளைப் பற்றி நிறையக் கேட்டார். பேருந்து ஓட்டியவர் இல்லையா? குஞ்சம், கண்ணாடி, ஸ்டியரிங்குக்கு உறை என்று நான் போனில் காட்டக் காட்ட, என் பேருந்துக்கு ஒருவரும் இப்படிச் செய்து தரவில்லையே என்று சொல்லிக்கொண்டார்.

ஒரு பக்கம் முழுக்கப் பிரித்து முடித்து, அடுத்த பக்கத்தைத் தொடங்கியிருந்த அன்று மத்தியானம் கதவைத் தட்டாமல் ஏமி உள்ளே வந்துவிட்டாள். பூட்ஸைக் கழற்றும்போதே கல்யாண விருந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். டோரின் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, மேசையில் கிடந்த குயில்ட் ஊர்க் குலுக்கலில் பரிசாகப் போவது என்று ஒரு பொய்யைச் சொன்னார். ஏமி தலையாட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குளிருக்கு, கிடந்த குயில்ட்டின் ஒரு முனையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு மாட்டிறைச்சி வேண்டும் என்கிறார்கள், அவளுக்குக் கோழி வேண்டும். நீண்ட வழக்கு. பேசிக்கொண்டே இருந்தாள். அவள் விரல் மட்டும் ஓரத்து இலைகளின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு இலை, ஒரு காம்பு, அடுத்த இலை. கண் அதைப் பார்க்கவில்லை, விரல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. பிரித்த பக்கத்துக்குப் போனதும் தடுமாறி நின்று, திரும்பி வந்து மறுபடி இலைகளைப் பிடித்துக்கொண்டது. எங்கள் லாரி ஓனர்களின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது எனக்கு. டோரினும் அந்த விரலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிறபோது ஏமி கதவருகில் நின்று கேட்டாள். "அந்தக் குலுக்கலுக்கு டிக்கெட் யார் விற்கிறார்கள் பாட்டி? எனக்கு வேண்டும்."

"எல்லாம் தீர்ந்துவிட்டது" என்றார் டோரின்.

ஏமியின் கார் தெருமுனை திரும்புகிறவரை டோரின் ஜன்னலில் நின்றார். பிறகு வந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார். "மீதியை விட்டுவிடு. பிரித்த பக்கம் எனக்கு" என்றார்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் கைக்கட்டை அவிழ்த்தார்கள். விரல்கள் விறைத்திருந்தன. அந்த ஒரு பக்கத்தை டோரின் கையாலேயே தைத்தார். நாலு தையல் போட்டுவிட்டு மணிக்கட்டை வெந்நீரில் வைப்பார், மறுபடி நாலு தையல். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். ஊசி மடிப்புக்குள் நுழைந்து, உள்ளேயே ஒரு சின்ன தூரம் நடந்து, துணியை ஒரு இழை அளவுக்குப் பிடித்து, மறுபடி உள்ளே மறைகிற வித்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணத்தன்று குயில்ட்டைப் பரிசு மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். மூன்று பக்கம் சாமந்தி இலைக்கொடி, ஒரு பக்கம் வெறும் கருநீலம். ஏமி அதைப் பார்த்ததும் பாட்டியின் பொய்யைப் புரிந்துகொண்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொதுக்கூடத்தில் தைக்கிற பெண்கள் சூழ்ந்துகொண்டு கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். "இந்த ஓரம்?" என்று ஒருவர் இழுத்தார். டோரின் என் முதுகில் தட்டி, "ஹி வென்ட் டு டவுன்" என்றார். இந்தத் தடவை நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு எனக்கு அந்த மறைதையல் மேல் ஆசை வந்துவிட்டது. அடுத்த பனிக்காலம் தொடங்கியதுமே உட்கார்ந்து ஒரு சின்ன குயில்ட் செய்தேன். பழுப்பும் பச்சையுமாக, கொல்லிமலை அடிவாரத்து வயல்களை நினைத்துக்கொண்டு. பைண்டிங்கைக் கையாலேயே பிடித்தேன். டோரின் கண்ணாடி போட்டுக்கொண்டு சுற்றி வந்து தேடினார், ஒரு தையல்கூட அகப்படவில்லை. தலையை ஆட்டினார். அந்தப் பாராட்டு இப்போது எனக்கு விளங்கியது. தை மாதம் லீவு கிடைத்தது. கோகிலாவுக்குக் கிடைக்கவில்லை. நான் மட்டும் அந்தக் குயில்ட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நாமக்கல் போய் இறங்கினேன்.

கடையில் வைத்துத்தான் அக்காவிடம் கொடுத்தேன். வெளியே ஒரு புது லாரிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், வாசம் கடைக்குள் நிறைந்திருந்தது. அக்கா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு விரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. வயல், வரப்பு எல்லாம் கண்டுபிடித்துச் சொன்னாள். பிறகு அவள் கட்டைவிரல் ஓரத்துக்குப் போனது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தாள். நின்றாள். திருப்பிப் போட்டு மறுபடி இழுத்தாள்.

"ஏஞ்சாமி, ஓரத்த ஒட்டியா வெச்சே?"

"ஒட்டலக்கா. கையில தெச்சது. தெரியாது, அப்படித்தா தெக்கோணும்."

"தெரியாம எதுக்குத் தெக்கோணும்?"

"தெரிஞ்சா அவசரத்துல அடிச்சதுன்னு நெனப்பாங்க."

"ஆரு நெனப்பாங்க?"

ரோட்டில் ஆட்களைப் பார்த்தேன். வெல்டிங் வைக்கிறவர், பெயின்ட் அடிக்கிறவர், டீ கொண்டு போகிறவர். அப்படி நினைக்கக்கூடிய ஒரு மனிதர்கூட அங்கே இல்லை. அக்கா சிரிக்கவில்லை. நான் வருத்தப்படுகிறேன் என்று தெரிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லாத்தா இருக்குது. ஆனா நம்ம வேலை மாதிரி இல்லியே கண்ணு" என்றாள்.

பட்டறையிலிருந்து வந்த மாமா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூர் போகிறவர். அங்கே இந்த மாதத்தில் குளிர் எலும்பைத் தொடும். "மாப்ள, இத எனக்குத் தாங்க. வண்டில போட்டுக்கறேன். ஆனா வண்டில கெடந்தா மிதிபடும், கையில புடிச்ச நூலு தாங்காதுங்க" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் மிஷினில் உட்கார்ந்தாள், நான் எதிர்ப்பக்கம் நின்று கனத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். மூலை வருவதற்கு இரண்டு விரல் முன்பே அலையை நிறுத்தி, நேர்த்தையலில் போய்த் திரும்பினாள். பழுப்பு ஓரத்தில் கிளிப்பச்சை அலைகள் ஓடி முடிந்தன. என் தையல் அடியில் இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. இருந்தாலும் ஒரு மூலையை மட்டும் மடக்கி, உள்ளே என் கைத்தையல் அறுபடாமல் இருக்கிறதா என்று யாரும் பார்க்காதபோது பார்த்துக்கொண்டேன்.

திரும்புகிற அன்று பெங்களூர் விமான நிலையத்துக்குக் கார் வைக்கலாமா என்று கேட்டேன். "அந்த வழியாத்தானுங்க நானும் போறேன். ஏறுங்க" என்றார் மாமா. "ஏர்ப்போர்ட்டுக்கு லாரில போறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தனாத்தா இருப்பே" என்று அக்கா வாசலில் நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். காலை வெயிலில் கிளம்பினோம். ராசிபுரம், சேலம் தாண்டி, ஓமலூருக்குப் பக்கத்தில் மாமா டீக்கு நிறுத்தினார். சேர்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. மாமா டயர்களைத் தட்டிப் பார்க்கப் போனார். நான் தார்ப்பாய்க் கயிறும் தையலும் சரியாக இருக்கிறதா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, காலையிலிருந்து மடியிலேயே இருந்த குயில்ட்டைத் தோளில் போட்டபடி கடைக்கு வந்தேன். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டிக்கொண்டே, தோளில் கிடந்த போர்வையையும் லாரியில் தெரிந்த என் பெட்டியையும் பார்த்தார்.

"ஊருக்குங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"எந்த ஊருங்க?"

வண்டி வந்த திசையில், பின்னால் கையைக் காட்டி நாமக்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா ஹாரன் அடித்தார். டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முன்பக்கம் வடக்கே பார்த்து உறுமிக்கொண்டிருந்த வண்டியில் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.